கூப்பிட்டவள் எழுந்து போகக் கூடாது

ஏழாவது பொருள்தான் அவளுடையது. அதற்கு முன்னால் தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட், இரண்டாம் மாடி நாய், வாட்ச்மேனின் லீவு, விருந்தாளிகளின் பைக், மாடிப்படியில் செருப்பு என்று ஆறு பொருள்கள் இருந்தன. செயலாளர் ஞானதிரவியம் செவ்வாய்க்கிழமையே நோட்டீஸ் ஒட்டிவிட்டார். ஏழு: மொட்டை மாடியில் கிடக்கும் இரும்புச் சாமான்களை அகற்றுதல். கிடக்குமாம். பத்தடி அகலத்தில் அலுமினியக் கம்பியை ஒவ்வொன்றாக வளைத்து, கோழிக்கூண்டு வலையை இழுத்துக் கட்டி, ஒரு நூல் பிசகாமல் குழித்து, வண்ணார்பேட்டை லேத்தில் சொல்லிச் செய்த தாங்கியின்மேல் உட்கார்த்தி, சைக்கிள் செயினும் பெடலும் வைத்து எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்புகிற மாதிரி நிறுத்திய ஆன்டெனா அங்கே கிடக்கிறதாம். அதில் பாதிக்கு மேல் அலுமினியம். மங்கையர்க்கரசி கார் நிறுத்துகிற இடத்தில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தாள். சாய்ந்தால் விட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று அவளுக்கு ஒரு எண்ணம். பக்கத்து நாற்காலியில் அவள் வீட்டுக்காரர் கோமதிநாயகம், மின்வாரியத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், காது மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எதிரே நின்ற காரின் நம்பர் பிளேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த எண் பகா எண்தானா என்று வகுத்துப் பார்க்கிறார், வேறொன்றும் இல்லை. காது நன்றாகக் கேட்ட காலத்திலேயே கூட்டம் என்றால் அவருக்குக் காது கேட்காது. தண்ணீர்த் தொட்டி இன்னும் முடியவில்லை. பிளீச்சிங் பவுடரை யார் வாங்குவது என்பதில் நிற்கிறது. மணி பத்து ஐம்பது. பன்னிரண்டு பத்துக்கு அவள் மாடியில் இருக்க வேண்டும். பன்னிரண்டு பத்துக்குத்தான் அது உச்சிக்கு வரும்.

அது என்பது ஒரு நட்சத்திரம். பட்டப்பகலில் என்ன நட்சத்திரம் என்று முதல் மாடி பலவேசம் லிஃப்டுக்குள் வைத்துக் கேட்டுச் சிரித்தான், நிலம் வாங்கி விற்கிறவன், பத்திரத்தில் இல்லாத எதையும் நம்ப மாட்டான். பகலில் அது எங்கே போய்விடும். வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதானே. சித்திரை மாசம் முழுக்க அது சூரியனோடு எழுந்து சூரியனோடு போய்ப் படுக்கிறது. ரேடியோவுக்கு ராத்திரி என்ன, பகல் என்ன. டௌ செட்டி என்று பெயர். பெயரைச் சொன்னபோது அவள் மாமனார், எந்தச் செட்டி, தேவகோட்டையா காரைக்குடியா என்று கேட்டார். விளையாட்டுக்கு இல்லை, பாவம், நிஜமாகவே கேட்டார். நம் சூரியனைப் போல ஒரு மஞ்சள் சூரியன், கொஞ்சம் சின்னது, சுற்றிலும் ஏதோ உலகங்கள் இருக்கலாம் என்கிறார்கள். இங்கிருந்து ரேடியோ அலை அங்கே போய்ச் சேர பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு மாசம் குறைவு. திரும்பி வர அதே அளவு. ஆகமொத்தம் இருபத்து மூன்று வருஷம் பத்து மாசம். ஒரு ஆனி மாசத்து ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு, பழைய வீட்டு மாடியிலிருந்து, மங்கையர்க்கரசி அந்த நட்சத்திரத்தைக் கூப்பிட்டாள். அன்றைக்கு அவளுக்கு முப்பத்தாறு வயசு. குற்றாலத்தில் சாரல், பாளையங்கோட்டையில் வெறும் காற்று, ஆன்டெனாவைக் காற்று தள்ளாதபடி கோமதிநாயகம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அங்கே யாராவது இருந்து, அவர்களுக்குக் காது என்று ஒன்று இருந்து, கேட்ட மறுநிமிஷம் பதில் சொல்லியிருந்தால், அந்தப் பதில் இங்கே வந்து சேருகிற முதல் நாள் போன வியாழக்கிழமை. இத்தனை வருஷம் மொட்டை மாடி இருப்பதையே மறந்துபோன ஜனங்களுக்கு இந்த வாரம்தானா அது கண்ணில் பட வேண்டும். கோடை மழைக்கு முன்னால் தளம் போட்டாக வேண்டுமாம். போடட்டும், ஆன்டெனாவைச் சுற்றிப் போடட்டும். குழாயைச் சுற்றி ரோடு போடவில்லையா, பிள்ளையாரைச் சுற்றி ரோடு போடவில்லையா.

கூப்பிட்டவர் எழுந்து போகக் கூடாது. ஹாம் ரேடியோவில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது அதுதான். கடையில் ரேடியோ வாங்கிப் பாட்டுக் கேட்கிற கூட்டம் இல்லை இது; பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, வீட்டிலேயே கருவி வைத்து, முகம் தெரியாதவரோடு பேசுகிற ஆட்கள். யாராவது இருக்கிறீர்களா என்று பொதுவாகக் கூப்பிட்டால், கூப்பிட்ட இடத்திலேயே காதை வைத்திருக்க வேண்டும். எங்கேயோ ஒருத்தன் மழையில் நனைந்துகொண்டு உனக்குப் பதில் சொல்கிறான் என்று வை, அப்போது நீ காப்பி குடிக்கப் போயிருந்தால் உன்னை ஒருத்தரும் மதிக்க மாட்டார்கள். அங்கிருந்து பன்னிரண்டு வருஷம் நடந்து வந்த ஒரு பதில் வாசலில் நிற்கிறபோது, மன்னிக்கவும், இங்கே தளம் போட்டுக்கொண்டிருந்தோம் என்றா சொல்வது. கணக்குப்படி கேட்காது. அது அவளுக்கும் தெரியும், கோமதிநாயகத்துக்கு அவளைவிட நன்றாகத் தெரியும். அவர்களுடைய கருவியின் சக்தி அந்தத் தூரத்தில் என்னவாகும் என்று ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிட்டு, புள்ளிக்குப் பின்னால் பூஜ்யம் எழுத இடம் போதாமல் அடுத்த தாளை எடுத்தார். அப்புறம் இரண்டு தாளையும் மடித்து டேபிள் காலுக்கு அடியில் வைத்தார், டேபிள் ஆடிக்கொண்டிருந்தது. கேட்காது என்பதற்காகக் கூப்பிடாமல் இருக்க முடியுமா. நம்மைவிட நல்ல காது அவர்களுக்கு இருக்காது என்று யார் எழுதிக் கொடுத்தது.

லிஃப்ட் ஒருவழியாக முடிந்து நாய்க்கு வந்திருந்தார்கள். நாய் ராத்திரியில் குரைக்கிறது. நாய்க்காரர் மாணிக்கவாசகம், நாய் வேறு என்ன செய்யும் என்று கேட்டார். மங்கையர்க்கரசிக்கு அவரைப் பிடித்துப்போனது. நாய் குரைப்பதும் ஒரு அழைப்புத்தான், எங்கேயோ இன்னொரு நாய் பதில் சொல்கிறது, அது போதும் நாய்க்கு. அவள் கைவிரல் தொடையில் தட்டிக்கொண்டிருந்தது. எப்போதும் தட்டும். பத்தொன்பது வயசில் கல்லூரி ரேடியோ கிளப்பில், அத்தனை பையன்களுக்கு நடுவே ஒரே பெண்ணாக உட்கார்ந்து மோர்ஸ் கற்றுக்கொண்டதிலிருந்து அந்த விரல் சும்மா இருந்ததில்லை. கீ என்று ஒரு சின்னப் பித்தளைக் கருவி, விரலால் அழுத்தினால் சத்தம், விட்டால் மௌனம், குட்டைச் சத்தம் டி, நெட்டைச் சத்தம் தா. அவ்வளவுதான் மொத்த மொழியும். உன் கை நல்ல கை என்று வாத்தியார் சொன்னார். ஒவ்வொருத்தர் கையும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், கையெழுத்தைப் போல. குரலைக் கேட்காமலே ஆளைச் சொல்லிவிடலாம். கோமதிநாயகத்தை முதலில் அவள் அப்படித்தான் அறிந்தாள். தென்காசியிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள், ஆடு வந்து கீயின்மேல் காலை வைத்துவிட்டதோ என்று நினைத்தாள். மெதுவாக அடியுங்கள் என்றாள். மெதுவாக அடித்தபோது இன்னும் மோசமாக இருந்தது. இரண்டு வருஷம் மெதுவாக அடித்தார், மூன்றாம் வருஷம் பெண் கேட்டு ஆள் அனுப்பினார். கல்யாணத்துக்கு அப்புறம் அவர் கீயைத் தொடவே இல்லை. கணக்கு அவருடையது, கை அவளுடையது என்று பிரித்துக்கொண்டார்கள். முதலில் நிலாவைத்தான் கூப்பிட்டார்கள். அவள் ஒரு தா அடித்து விரலை எடுத்தாள், ஒன்று, இரண்டு, அரை, அப்புறம் இரைச்சலுக்கு அடியிலிருந்து அவளுடைய தா, அவளுடைய கையே, இளைத்துப்போய், ஊருக்குப் போய்த் திரும்பிய பிள்ளையைப் போல, நிலாவில் மோதித் திரும்பி வந்தது. கோமதிநாயகம் அழுதார். அவள் அழவில்லை, இன்னொரு தா அடித்தாள். இரண்டரை விநாடியில் பதில் வந்து பழகிய காதுக்கு அப்புறம் இருபத்து மூன்று வருஷம் பத்து மாசம்.

விரல் தட்டிக்கொண்டிருந்தது. டி டி டி தா டி தா. நிறுத்தினாள். இன்னொரு கையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கே போனாலும் இந்த ஆறில் வந்து நின்றுவிடுகிறது, செருப்பில் குத்துகிற முள் மாதிரி. செய்தியை முடிக்கிறபோது இரண்டு விதமாக முடிக்கலாம். தா டி தா என்றால், நான் சொல்லிவிட்டேன், இனி நீங்கள் சொல்லுங்கள். டி டி டி தா டி தா என்றால் எல்லாம் முடிந்தது, இனி பதில் வேண்டாம், நான் கருவியை அணைக்கிறேன். அந்த ஆனி மாசத்து ஞாயிற்றுக்கிழமை அவள் நாற்பது நிமிஷம் அனுப்பினாள். இரண்டு தட்டு, மூன்று தட்டு, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று பகா எண்கள். கணக்குத் தெரிந்தவர் யாராக இருந்தாலும் இது காற்றும் மழையும் தட்டுவது இல்லை என்று புரிந்துகொள்வார்கள் என்று கோமதிநாயகம் எழுதிக் கொடுத்த வரிசை. அப்புறம் அவளுடைய அழைப்புக் குறி, லைசென்ஸோடு கொடுத்த ரேடியோப் பெயர். அப்புறம் தா டி தா என்று முடிக்க வேண்டும். டி டி டி தா டி தா என்று முடித்துவிட்டு எழுந்துவிட்டாள். இட்லிக் கொப்பரை அடுப்பில் இருந்தது, கீழே ஓடினாள், இரண்டாவது தட்டு இட்லியை எடுக்கிறபோதுதான் கை செய்தது மண்டைக்கு எட்டியது. ஆவி முகத்தில் அடிக்க அப்படியே நின்றாள். ஊர் உலகத்தில் யாரும் கூப்பிடாத இடத்தைக் கூப்பிட்டு, வணக்கம், நாங்கள் இருக்கிறோம், பதில் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டு இட்லி எடுக்க வந்திருக்கிறாள். மேலே போய்ச் சொன்னால் அவர் என்ன சொல்வார். ஒன்றும் சொல்ல மாட்டார், அதுதான். அவர் ஒன்றும் சொல்லாமல் இருப்பதைப் பார்க்க அவளால் முடியாது. நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தாள். நாளைக்கு, நாளைக்கு என்று இருபத்து மூன்று வருஷம் பத்து மாசம்.

திருப்பி அடித்திருக்கலாமே. அடித்திருக்கலாம். அந்தப் பெரிய ஆம்ப்ளிஃபயர் இரவல் வாங்கியது, மத்தியானமே மதுரை பஸ்ஸில் ஏறிவிட்டது. அதெல்லாம் சாக்கு. பின்னால் சொந்தமாகவே ஒன்று கட்டினார்கள். திருத்தி அனுப்பினால் தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும், ஒத்துக்கொண்டால் அவருக்குத் தெரியும், அதுதான் விஷயம். சில நாள் இப்படியும் யோசிப்பாள்: அந்த ஆறு தட்டில் கடைசி மூன்று தா டி தா தானே, அவர்களுக்கு நம் மோர்ஸ் என்ன தெரியும், கடைசி மூன்றை மட்டும் கேட்டுவிட்டு அழைப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாதா. யாரை ஏமாற்றுகிறாய், மங்கை. மோர்ஸே தெரியாதவர்களுக்கு அது அழைப்பும் இல்லை, முடிவும் இல்லை. அவர்களுக்குத் தெரியாது என்பது இவளுக்கு ஆறுதலே இல்லை. இவளுக்குத் தெரியும். கை ஏன் அப்படிச் செய்தது என்றும் தெரியும். அந்த வருஷம் தை மாசம் வடக்கே பூமி குலுங்கியது. போன் எல்லாம் செத்துப்போய், ஹாம் ஆட்கள் கருவியைத் தூக்கிக்கொண்டு போய் அங்கிருந்து செய்தி அனுப்பினார்கள். தமிழ்நாட்டுக்கு வருகிறதில் பாதி அவள் காது வழியாக வந்தது. இன்னார் மகன் பிழைத்தான். இன்னார் இல்லை. இன்னார் வீட்டில் ஒருவரும் இல்லை. பதினேழு நாள். ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டு ஒவ்வொன்றையும் டி டி டி தா டி தா என்று மூடினாள், மூடினால்தான் அடுத்ததை வாங்க முடியும். சிவகாசிக்காரர் ஒருவருக்கு வந்தது: தாய் பிழைத்தாள், மற்ற நால்வரும் இல்லை. அதையும் மூடினாள். மூடிய பிறகு வடக்கே கீயில் இருந்த ஆள் ஏதோ சொல்ல வாய் திறந்த மாதிரி ஒரு டி கேட்டது, அவள் அதற்குள் அடுத்த ஊர்ச் செய்திக்குப் போய்விட்டாள். அந்த ஒரு டி என்னவாக இருக்கும். அதற்கப்புறம் ஐந்து மாசம் கீயைத் தொடவில்லை. தொட்டபோது கை தனக்குப் பழகினதைச் செய்தது.

ஆறாவது பொருள், செருப்பு. வெயில் கார்களுக்கு நடுவே காலடிக்கு வந்துவிட்டது. பதினொன்று முப்பத்தைந்து. எதிர் வரிசையில் நாலாம் மாடி ஆயிஷா பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவளைப் பார்த்தாள், அவளும் பார்த்தாள். இந்த ஒரு முகத்தைத்தான் அவளால் எதிர்த்து நிற்க முடியவில்லை. ஒழுகுவது ஆயிஷா வீட்டில்தான். ஆன்டெனாவின் காங்கிரீட் மேடைக்கு நேர் கீழே அவளுடைய படுக்கையறை. கட்டிலை மூன்று முறை நகர்த்திவிட்டாள், நாலாவது முறை நகர்த்த சுவர் விடவில்லை. பலவேசத்தைத் திட்டலாம், ஞானதிரவியத்தைக் கோபிக்கலாம், ஒழுகுகிற வீட்டை என்ன செய்வது. இந்தப் பக்கம் ஈரச் சுவர், அந்தப் பக்கம் பன்னிரண்டு வருஷ தூரத்தில் இருக்கிறார்களோ இல்லையோ என்று தெரியாத யாரோ. யாரைக் கேட்டாலும் சுவர் என்றுதான் சொல்வார்கள். அவளே வேறு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் சுவர் என்றுதான் சொல்வாள். அந்த நினைப்போடு ஒரு பயமும் வந்தது. பதில் வராது என்கிற பயம் பழையது, அதோடு குடித்தனமே நடத்தியாகிவிட்டது. இது புதுசு: இப்போது, செருப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிற இந்த நிமிஷம், அது வந்துகொண்டிருந்தால். மேலே கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் பதிவு செய்கிறதுதான், இருந்தாலும் கேட்பது என்பது ஒரு ஆள் கேட்பது. அவள் எழுந்துவிடப் பார்த்தாள். அப்போது ஞானதிரவியம் தாளில் செருப்பை அடித்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"ஏழாவது," என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனுஷன் இல்லை, கெட்டதைச் சொல்கிறபோது கண்ணாடியைத் துடைப்பார். "மேடம், உங்க மேல யாருக்கும் ஒரு வருத்தமும் இல்ல. அந்த மேடைக்கு அடியிலதான் தண்ணி எறங்குதுன்னு கொத்தனாரு சொல்லுதாரு. அத எடுத்தாத்தான் ஒழுங்காத் தளம் போட முடியும்."

"சுத்திப் போடுங்க," என்றாள் மங்கையர்க்கரசி.

"போன தடவ சுத்தித்தான போட்டோம். ஓரத்துல எறங்குது."

"ஒரு மாசம் பொறுங்க. ஒரே ஒரு மாசம்."

"அதுக்குள்ள மழ வந்துரும், மேடம்."

பலவேசம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். "நான் ஒண்ணு கேக்கலாமா," என்றான். "இத்தன வருஷமா மேல உக்காந்து கேட்டுக்கிட்டே இருக்கிய. ஒரு பதிலாவது வந்திருக்கா?"

இந்தக் கேள்விக்கு அவள் வருஷக்கணக்காகப் பதில் தயாரித்து வைத்திருந்தாள், நல்ல நல்ல பதிலெல்லாம், விஞ்ஞானம், பொறுமை, மனுஷ குலம். "இல்ல," என்றாள்.

"அப்பம் சார் கணக்குல எங்கயோ தப்பு இருக்கும். அது அங்க இருக்கும், சார் இங்க திருப்பி வச்சிருப்பாரு." நாலைந்து பேர் சிரித்தார்கள். கோமதிநாயகம் நம்பர் பிளேட்டைப் பார்த்துக்கொண்டே, எல்லோரும் சிரிக்கிறார்களே என்று தானும் லேசாகச் சிரித்தார். அவர் சிரித்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இரவு இரவாக லாகரிதம் புத்தகத்தை வைத்துக்கொண்டு, பூமி சுற்றுவதையும் அது தள்ளாடுவதையும் அந்த நட்சத்திரம் நகர்வதையும் கழித்துக் கூட்டி ஒரு நூல் பிசகாமல் குறி வைத்த மனுஷன். மங்கையர்க்கரசி எழுந்து நின்றாள்.

"அவுக கணக்குல தப்பு கெடையாது," என்றாள். "தப்பு என் கைல. கடைசில, இனி நீங்க சொல்லுங்கன்னு அடிச்சிருக்கணும். முடிஞ்சது, பதில் வேண்டாம்னு அடிச்சுட்டேன். இத நான் இன்னைக்கு வரைக்கும் யாருட்டயும் சொல்லல. அவுகட்டயும் சொல்லல. ஆனா அவுக கணக்க யாரும் பேசக் கூடாது."

யாருக்கும் புரியவில்லை. புரியாததை அவர்கள் மரியாதையாகச் சகித்துக்கொண்டது இன்னும் எரிச்சலாக இருந்தது. கோமதிநாயகத்தின் காதில் மிஷின் ஏறியிருந்ததைக் கடைக்கண்ணால் பார்த்தாள், எப்போது மாட்டினார், எதிலிருந்து கேட்டார், தெரியவில்லை. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஞானதிரவியம் தயக்கத்தோடு, "அப்பம் பதில் வராதுன்னு நீங்களே சொல்லுதிய, மேடம்," என்றார்.

"வராம இருக்கலாம். வந்தாலும் வரும். கூப்பிட்டது நான். கூப்பிட்டுட்டு எந்திச்சுப் போறது எங்க வழக்கம் இல்ல."

அப்போது ஆயிஷா பீவி பேசினாள், குரலை உயர்த்தாமல். "மங்கக்கா, நீங்க நட்சத்திரத்தக் கேக்கிய. நான் மழைக்கு மழை வாளியில சொட்டுத சத்தத்தக் கேட்டுக்கிட்டுப் படுத்திருக்கேன். எனக்கும் யாராச்சும் பதில் சொல்லணும்லா."

கையைத் தூக்கச் சொன்னார்கள். எடுக்க வேண்டும் என்று பத்துக் கைகள். ஆயிஷா அவள் முகத்தை நேரே பார்த்துக்கொண்டு தூக்கினாள், அது பிடித்திருந்தது; மற்ற ஒன்பது பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு தூக்கினார்கள். வேண்டாம் என்று அவளும் நாய்க்காரரும் இன்னும் மூன்று பேரும். ஒருவர் இரண்டு தடவையும் தூக்கவில்லை. ஞானதிரவியம் புதன்கிழமை கொத்தனார் வருவார் என்றார். "வரட்டும்," என்றாள் அவள். "அதுவரைக்கும் யாரும் அதத் தொடக் கூடாது. புதன்கெழம விடியக்காலம் நாங்களே கழத்தி எறக்குவோம். பழைய வீட்டுலேருந்து மூணு துண்டா வந்ததுதான் அது, மூணு துண்டாப் போவும். இந்த மாடி இல்லன்னா இன்னொரு மாடி. ஊருல மாடியா இல்ல." பன்னிரண்டு அடிக்க மூன்று நிமிஷம் இருந்தது. லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் ஏறினாள். செருப்பை எங்கே விடுவது என்று ஆறாவது பொருளில் முடிவாகியிருந்தது, அவள் படியிலேயே விட்டாள்.

மாடி கொதித்தது. ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைக்குள் ஸ்டூலில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினாள். இரைச்சல், அரிசி களைகிற மாதிரி ஒரே சீராக, வியாழக்கிழமையிலிருந்து கேட்கிற அதே இரைச்சல். படியில் கோமதிநாயகத்தின் மூச்சு முதலில் வந்தது, அப்புறம் அவர் வந்தார். நேரே போய்ப் பெடலைப் பிடித்து, தாளைப் பார்த்து, ஒரு பல் முன்னே, அரைப் பல் பின்னே என்று ஆன்டெனாவைத் தெற்கே உச்சிக்குத் திருப்பினார். காது மிஷின் காதில் இருந்தது. அவள் ஹெட்போனை ஒரு பக்கம் விலக்கினாள்.

"கேட்டுச்சா, நான் கீழ சொன்னது?"

"கேட்டுச்சு." பெடலை விடாமல் சொன்னார். "அது எனக்கு அன்னைக்கே தெரியும்."

அவள் ஹெட்போனை முழுசாகக் கழற்றினாள்.

"நீ இட்லிய எடுக்கணும்னு ஓடிட்ட. நான் கயித்தக் கட்டிட்டு வந்து ஒக்காந்தேன், நீ அடிச்சது எல்லாம் என் காதுலதான இருந்துச்சு. முடிஞ்சதுன்னு அடிச்சுட்டுப் போறாளேன்னு பாத்தேன். ஒன்னக் கூப்பிடலாம்னு நெனச்சேன். அந்தப் பூகம்பத்துக்குப் பொறவு நீ கீயத் தொட்டதே அன்னைக்குத்தான, மங்க. அதான் கூப்பிடல. நானே ஒரு எழுத்து அடிச்சேன். தா டி தா."

"நீங்களா?"

"ஒரு எழுத்துதான. ரெண்டு தடவ தப்பாப் போச்சு. மூணாவதுதான் ஒழுங்கா வந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கோபம் வந்தது, இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. அவளுடைய நல்ல கை மூடிவிட்டுப் போனதை அந்த ஆட்டுக்கால் கை திறந்து வைத்திருக்கிறது. அங்கே யாராவது உட்கார்ந்து நாற்பது நிமிஷம் அழகாகக் கேட்டுவிட்டு, கடைசியில் வந்த அந்த இரண்டு தப்பையும் என்ன செய்வதென்று தெரியாமல் இன்னும் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருப்பார்கள். "இருபத்து மூணு வருஷமாச் சொல்லல," என்றாள்.

"நீ சொன்னியா?"

சொல்லவில்லைதான். ஆக, வியாழக்கிழமை நிஜமாகவே வியாழக்கிழமைதான். கேட்டுக்கொண்டிருப்பதற்கு நியாயம் இருக்கிறது. இன்று ஞாயிறு, நாளை, நாளை மறுநாள், புதன் விடிகிற வரைக்கும் இருக்கிறது, அதற்குள் வந்தால் வருகிறது, வராவிட்டால் எங்கேயாவது ஒரு மாடி. ஆயிஷா வீட்டுச் சுவரும் காயட்டும். கோமதிநாயகம் கொட்டகைக்குள் வந்து, ஓரத்தில் துணி போட்டு மூடியிருந்த கீயை எடுத்துத் துடைத்து அவள் முன்னால் வைத்தார். ஆம்ப்ளிஃபயரின் சுவிட்சைப் போட்டார். பச்சை விளக்கு எரிந்தது. மணி பன்னிரண்டு பத்து. மூன்று நாளில் கழற்றப்போகிற ஆன்டெனாவிலிருந்து, போய்ச் சேரப் பன்னிரண்டு வருஷமாகிற இடத்துக்கு. ஞானதிரவியம் பார்த்தால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்தே தேய்த்துவிடுவார். அவள் விரலை வைத்தாள். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று. கை பழைய கைதான். அழைப்புக் குறி. முடிக்கிற இடம் வந்ததும் விரல் பழைய ஆறுக்குப் போகப் பார்த்தது, தெரிந்தது, அவள் போக விடவில்லை. தா டி தா. விரலை எடுத்தாள். கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குகிற சத்தம் கேட்டது.

"இதுக்குப் பதில் வாரப்ப எனக்கு எண்பத்து நாலு," என்றாள். "ஒங்களுக்கு எண்பத்தொம்பது. இருப்பமா?"

அவர் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கூப்ட்டாச்சுல்லா," என்றார். "இருந்துதான ஆவணும்."

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.